மார்கழிப் பனியும் அம்மாவின் குதிகாலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் மகள் வயதுதான் எனக்கு இருக்கும். திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம். மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். விடியற்காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மார்கழி பிறந்ததிலிருந்து உதடு வெடிக்கிறது. மூக்கோரத்தில் பவுண்டேஷன் திட்டுத்திட்டாகப் பெயர்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது தலைமுடி பம்மென்று நிற்கிறது. ‘பெண்கள் பளிச்சென்று இருந்தால்தான் வியாபாரம்’ என்பார் முதலாளி. யூடியூபில் குளிர்காலத்துக்கென்று சீரம், டோனர் என ஏழெட்டுப் புட்டிகளைக் காட்டுகிறார்கள். எனக்குக் கட்டுப்படியாகாது. மருந்துக்கடை அண்ணன் கொடுத்த ஒரு டியூபை ராத்திரியில் போட்டு வருகிறேன். முகம் நன்றாக வெளுத்திருக்கிறது, ஆனால் இரண்டு நாள் விட்டால் சிவந்து எரிகிறது. குளிர்தான் காரணமா? என் அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். ‘தேங்காயெண்ணெய் இருக்கும்போது இதற்கெல்லாம் எதற்குக் காசு’ என்று தினமும் திட்டு. அவர் காலோ பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அவர் எனக்கு அழகுக் குறிப்பு சொல்ல வந்துவிட்டார்! செலவில்லாமல் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

மகள் வயது என்று நீயே எழுதிவிட்டாய். ஆகவே ‘நீ’ என்றே எழுதுகிறேன், திட்டவும் வசதியாக இருக்கும்.

முதலில் அந்த டியூப். குளிருக்கும் உன் எரிச்சலுக்கும் சம்பந்தமில்லை. டியூபை வெளிச்சத்தில் வைத்துப் படி. பீட்டாமெத்தசோன், குளோபிடசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. தோல் நோய்க்கு, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை மட்டும் போட வேண்டிய மருந்து. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் முதலில் வெளுக்கும், பிறகு தோல் மெலியும், சிவப்பு இரத்த நாளங்கள் தெரியும், பரு வரும், சிலருக்குத் தாடையில் முடிகூட முளைக்கும். நிறுத்தினால் எரியும். எரிகிறதே என்று மறுபடி போடுவாய். அந்தச் சுழலில்தான் இப்போது இருக்கிறாய். 2018இல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. உன் மருந்துக்கடை அண்ணனுக்கு அது தெரியாமல் இருக்காது. அண்ணன் என்று கூப்பிட்டால் போதுமா? தங்கை முகத்தில் இதைப் பூசுவாரா என்று கேட்டுப் பார். நீயாகத் திடீரென்று நிறுத்திவிட்டுத் தவிக்கவும் வேண்டாம். டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போ.

அடுத்து குளிர்காலம். யாருடைய குளிர்காலம்? யூடியூபில் நீ பார்ப்பது டெல்லிக் குளிர், லண்டன் குளிர். காற்றில் ஈரமே இல்லாத குளிர். நம் காவிரிக் கடைமடையில் மார்கழி இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே அதிசயம். வடகிழக்குப் பருவமழை விட்டும் விடாமலும் இருக்கிறது, வயலெல்லாம் தண்ணீர், விடிந்தால் கூரையிலிருந்து பனி சொட்டுகிறது. இந்த ஊரில் தோலை உலர்த்துவது பெரும்பாலும் வெந்நீரும் சோப்பும்தான். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வது சுகமாக இருக்கும், தோலின் எண்ணெயையும் அதுவே கழுவிக்கொண்டு போகும். வெதுவெதுப்பு போதும். சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் பாதத்துக்கும் போதும், கை கால் முழுக்க நுரைக்க வேண்டாம். துவட்டிய ஈரம் காய்வதற்குள் தேங்காயெண்ணெயைத் தடவு. ஆம், உன் அம்மா சொன்ன அதே தேங்காயெண்ணெய். முகத்தில் பரு வருகிறவர்கள் மட்டும் அதை முகத்துக்குப் போடாமல், வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதைப் பூசிப் பத்து நிமிடம் விட்டுப் பிறகு பவுண்டேஷன் போட்டால் பெயராது. உதட்டை நாக்கால் ஈரப்படுத்தாதே. வாசலின், இல்லாவிட்டால் வீட்டு நெய். மேட் லிப்ஸ்டிக் இரண்டு மாதத்துக்குப் பெட்டியில் தூங்கட்டும்.

முடி பம்மென்று நிற்பது வறட்சியால் அல்ல, பனியின் ஈரத்தை உறிஞ்சி ஊதுகிறது. தினமும் தலைக்குக் குளிப்பதை விடு. ஈரத்தலையை முடிந்துகொண்டு பஸ் ஏறாதே. ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொள். பொடுகு இருந்தால் ராத்திரி முழுக்க எண்ணெய் ஊற வைக்கக் கூடாது. பொடுகை வளர்க்கும் பூஞ்சைக்கு அது விருந்து. சீரம், டோனர் எல்லாம் கடைக்காரனிடமே இருக்கட்டும்.

இப்போது உன் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரிக்கு வருகிறேன். ‘அவர் காலோ பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.’ பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி வேறு!

உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, தெரியுமா? உள்ளங்கையைத் தவிர உடம்பில் மற்ற இடமெல்லாம் தன்னைத் தானே கொஞ்சம் நெய்யிட்டுக்கொள்ளும், பாதத்துக்கு அந்த வசதி இல்லை. உன் அம்மா கார்த்திகையிலும் மார்கழியிலும் சம்பா வயலில் கெண்டைக்கால் சேற்றில் நின்று களை பறிக்கிறார். தோல் ஊறி வெளுத்து உப்புகிறது. வரப்பேறி வெறுங்காலோடு வீடு வருவதற்குள் காய்ந்து இறுகுகிறது. இப்படி ஊறியும் காய்ந்தும் குதிகால் தடித்துப்போகிறது. உடம்பின் பாரம் இறங்கும்போது தடித்த தோல் விரிய முடியாமல் ஓரத்தில் பிளக்கிறது. பிளவில் களிமண் இறங்கிக் கறுக்கிறது. தேய்த்தாலும் அந்தக் கறுப்பு போகாது. அதை அழுக்கு என்று பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

என் பெரியம்மா வலங்கைமான் பக்கத்தில் நடவுக்கும் களைக்கும் போனவர். ராத்திரி பாயில் காலை நீட்டினால் புடைவைக் கரையின் நூல் வெடிப்பில் மாட்டி ‘சர்’ரென்று இழுபடும். மாட்டிய நூலை விரலால் மெதுவாக விடுவித்துவிட்டு, விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்து அப்பிக்கொள்வார். பக்கத்தில் படுத்தால் நம் காலைக் கீறும். கல்யாண வீட்டில் பந்திப் பாயில் உட்காரும்போது பாதம் இரண்டையும் புடைவைக்குள் இழுத்து மறைத்துக்கொள்வார். ஊருக்கே சோறு போட்ட கால் அது, அதை ஊரார் கண்ணிலிருந்து ஒளிக்க வேண்டியிருந்தது. அந்தப் பாதத்துக்குச் சந்தனமும் மஞ்சளும் பூசிவிட்டது அவருடைய நலங்கன்று ஒரு நாள்தான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நீ முகத்துக்கு ஏழெட்டுப் புட்டிக்குக் கணக்குப் போடுகிறாய். அம்மா காலுக்கு ஒரு டியூப் வாங்கத் தோன்றவில்லை. அழகு செய்துகொள்வதை நான் குறை சொல்லவில்லை. நன்றாகப் பூசிக்கொள், பொட்டு வைத்துக்கொள், கண்ணெழுது. வீட்டில் ஒருத்தியின் தோலுக்குத்தான் வலி, இன்னொருத்தியின் தோலுக்குத்தான் செலவு என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மருந்துக்கடையில் யூரியா கலந்த குதிகால் களிம்பு என்று கேள். யூரியா என்றதும் அம்மா சிரிப்பார். மூட்டை உரத்தைக் காலில் பூசச் சொல்லவில்லை, அது புண்ணாக்கும். நம் தோலிலேயே இயற்கையாகக் கொஞ்சம் இருக்கிற பொருள்தான் யூரியா. சுத்தமாகச் செய்து களிம்பில் சேர்க்கும்போது ஈரத்தைப் பிடித்து வைக்கும், அளவு கூடினால் தடித்த தோலை இளக்கவும் செய்யும். ராத்திரி கால் மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊற வைத்து, கால் தேய்க்கும் கல்லால் இலேசாகத் தேய்த்து, துடைத்து, களிம்பைப் பூசி, பழைய பருத்திக் காலுறையை மாட்டிவிடு. பிளேடால் செதுக்கவே கூடாது. வெடிப்பில் இரத்தம் கசிந்தால் களிம்பு எரியும்; ஆறும்வரை வெறும் வாசலின் போதும். விரலிடுக்கில் வெளுத்து அரித்தால் அது சேற்றுப்புண். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த பழைய வைட்ஃபீல்டு களிம்பைக் கேட்டுப் பார். மருதாணி அரைத்துப் பூசும் வழக்கமும் நம் பக்கம் உண்டு. இதற்கெல்லாம் முன்னால் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிடு. சர்க்கரையால் மரத்துப்போன காலில் வெடிப்பு வலிக்காது, சீழ் பிடித்த பிறகுதான் தெரியும்.

உன் காலையும் ஒரு முறை பார். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாய். 2021இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லாருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். உன்னைப் பளிச்சென்று இருக்கச் சொல்லும் முதலாளி ஸ்டூல் போட்டிருக்கிறாரா? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ, ஒரே நடையில் உன் முகத்தையும் அவர் காலையும் காட்டிவிடலாம். களை வேலை ஓய்ந்து அறுவடை தொடங்குவதற்குள் போனால் அவருக்குக் கூலி போகாது. நீயும் இந்த வாரமே லீவு கேள். பொங்கல் கூட்டம் ஆரம்பித்துவிட்டால் உன் முதலாளி தரமாட்டார்.