காதில் மாட்டும் கருவி மூளை மந்தத்தைப் போக்குமா?

கேள்வி: எனக்கு 46 வயது. 2021 மே மாதம் கோவிட் வந்து வீட்டிலிருந்தபடியே தேறினேன். ஆனால் அதற்குப் பிறகு என் தலை பழைய தலையாக இல்லை. மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை ஒன்பது ஆண்டுகளாக நான்தான் எழுதுகிறேன். இப்போது ஒரு பக்கத்தைக் கூட்டி முடிப்பதற்குள் மேலே வந்த தொகை மறந்துவிடுகிறது. குறுவை நடவுக்குக் கூலி கொடுக்கும்போது, நன்கு பழகிய பெண்ணின் பெயர் வாயில் வராமல் நின்றுவிட்டேன். மருத்துவரிடம் சொன்னால், வயதாகிறது என்கிறார். காதில் மாட்டி நரம்பைத் தூண்டும் கருவியை இணையத்தில் வாங்கித் தருவதாக அண்ணன் மகன் சொல்கிறான். வாங்கலாமா?
— வாசகி, நீடாமங்கலம்

பதில்: அன்புள்ள சகோதரி, 46 வயது கூட்டலை மறக்கும் வயதன்று. கோவிட் தொற்றி மூன்று மாதங்களுக்குப் பிறகும் வேறு காரணமின்றி நீடிக்கும் இத்தகைய தொல்லைகளை உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே தனி நிலையாக வரையறுத்துவிட்டது. இது ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பாதிக்கிறது. வயதைச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பியது சரியல்ல.

மூளையின் அடித்தண்டிலிருந்து கழுத்து வழியாக இதயம், நுரையீரல், குடல் வரை இறங்கும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை மட்டும் காதின் தோலுக்கு வருகிறது. காதுத் துளைக்கு முன்னால் சிறு மூடிபோல் நிற்கும் குருத்தெலும்பில் கிளிப்பை மாட்டி மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தினால், அது மூளைத்தண்டுக்குப் போய், இதயத்துடிப்பைச் சீராக்கவும் உடலில் தணியாத அழற்சியைக் குறைக்கவும் உதவலாம் என்பதே இதன் அடிப்படை. 2024-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கோவிட்டுக்குப் பிறகும் இத்தகைய தொல்லைகள் நீடித்த 24 பெண்கள் பத்து நாட்கள் வீட்டிலேயே இதைப் பயன்படுத்தினர். சிந்தனைத் திறன், உறக்கம், மனப்பதற்றம் ஆகியவற்றில் முன்னேற்றம் காணப்பட்டது.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால், மின்சாரம் பாய்ச்சாத போலிக் கருவியை மாட்டிக்கொண்ட மற்றொரு குழு அந்த ஆய்வில் இல்லை. நம் வீடுகளில் ஒரு பெண்ணை யாரும் கூப்பிடாமல் நாள்தோறும் சிறிது நேரம் படுக்கவிட்டாலே அவருக்குத் தலை தெளியும். தெளிந்தது கருவியாலா, ஓய்வாலா என்பதை அத்தகைய ஒப்பீடு இல்லாமல் பிரித்தறிய இயலாது. வலிப்பு நோய்க்காக அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்றது அறுவை செய்து மார்பில் பதிக்கும் கருவி. அந்த அனுமதியைக் காட்டிக் காதுக் கிளிப்பை விற்பவர்களை நம்ப வேண்டாம்.

எனவே இப்போதைக்கு வாங்க வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும், துடிப்புக் கோளாறு, வலிப்பு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தஞ்சாவூர் அல்லது திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குச் சென்று ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. அதுவும் தைராய்டுக் குறைவும் மாதவிலக்கு நிற்கும் காலமும் இதே மந்தத்தைத் தரும், அவற்றுக்கு மருந்தும் உண்டு. எழுந்து நின்றால் துடிப்பு மிகையாக ஏறுகிறதா என்றறிய, படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பத்து நிமிடங்களிலும் நாடித்துடிப்பை எண்ணிப் பார்க்கவும் கேளுங்கள்.

கணக்கைக் காலையில் இருபது நிமிடம் மட்டும் எழுதி, பத்து வரிக்கு ஒருமுறை கூட்டுத்தொகையைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கடுமையாக உழைத்த மறுநாள் அடித்துப்போட்டதுபோல் ஆகிறதென்றால், பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். அது நோயை இன்னும் இழுத்துவிடும்.

மருத்துவரிடம் போகும்போது அந்தக் கணக்கு நோட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். 2020-இல் எழுதிய ஒரு பக்கத்தையும், அடித்தலும் திருத்தலுமாக இருக்கும் சென்ற மாதப் பக்கத்தையும் அருகருகே விரித்துக் காட்டுங்கள்.