சிலம்ப வாத்தியாருக்கு நோக்கு வர்மம் தெரியும் என்கிறார்கள், கராத்தே மாஸ்டர் சிரிக்கிறார். யாரை நம்புவது?

கேள்வி: மதுரையில் என் பையனைச் சிலம்பத்தில் சேர்க்க நினைக்கிறேன். வாத்தியாருக்கு நோக்கு வர்மம் தெரியும், பார்வையாலேயே ஆளைச் சாய்த்துவிடுவார், அவர் கம்பு சுற்றினால் மழைத்துளிகூட மேலே விழாது என்று அவரிடம் படிக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள். பக்கத்துத் தெரு கராத்தே மாஸ்டர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். யாரை நம்புவது?

பதில்:

கராத்தே மாஸ்டர் சிரித்ததில் தப்பில்லை. அதற்காக வாத்தியாரை ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் கேள்வியை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். "பிள்ளைகள் சொல்கிறார்கள்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். வாத்தியார் வாயைத் திறந்த மாதிரித் தெரியவில்லை.

நான் பள்ளி நாட்களில் அனுப்பானடிப் பக்கம் கம்பு பிடித்தவன். பிறகு ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போகப்போக குத்துச்சண்டை, ஜூடோ, கராத்தே ஆட்கள் எல்லாரும் பழக்கமானார்கள். எந்தக் கலையாக இருந்தாலும் சரி, அதிசயம் செய்தவர் எப்போதும் ஒரு தலைமுறைக்கு முந்தியவராகவே இருக்கிறார். "எங்க வாத்தியாரோட வாத்தியார் ஒரே எட்டில் சுவர் தாண்டுவார்" என்பார்கள். அவரைப் போய்ப் பார்க்கலாமா என்றால் அவர் காலமாகி முப்பது வருடம் ஆகியிருக்கும். உயிரோடு இருக்கும் வாத்தியார்கள் முட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, பையன்களின் காலடியைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

மழை விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நல்ல பருமனான மழைத்துளி நொடிக்கு ஆறேழு மீட்டர் வேகத்தில் இறங்கும். கை தேர்ந்தவர் தலைக்கு மேலே நொடிக்கு நான்கு சுற்று சுற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்புக்கு இரண்டு முனை என்பதால் ஓர் இடத்தை நொடிக்கு எட்டுத் தடவை கம்பு கடக்கும். ஒரு முனை போய் மறுமுனை வருவதற்குள் துளி முக்கால் மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். கம்பின் பருமனோ ஓர் அங்குலம். மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்தாறு துளிதான் கம்பில் பட்டுத் தெறிக்கும், மற்றதெல்லாம் தலையில்தான்.

எறிகிற கல்லைத் தடுப்பதற்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். சுழற்சியை மட்டும் நம்பி நின்றால் பத்தில் ஒரு கல்கூடத் தடுபடாது. ஆனால் நல்ல சிலம்பக்காரர்மேல் பையன்கள் எலுமிச்சம்பழம் எறிவதை நான் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் தட்டிவிடுவார். பழத்தை அவர் பார்ப்பதே இல்லை, எறிகிறவன் தோளைத்தான் பார்ப்பார். தோள் திரும்பும்போதே இடது கால் அரை அடி நகர்ந்துவிடும், கம்பு அதன் பின்னால் தானாக வரும். இந்த வித்தைக்கு வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். மழைக்கதை சொல்கிறவர்கள் இதை மறைத்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

வர்மத்துக்கு வருவோம். இது சிக்கலான சமாச்சாரம், ஏனென்றால் இதில் பாதி உண்மை. அடியோ அழுத்தமோ பட்டால் ஆளை முடக்கக்கூடிய இடங்களைத்தான் வர்மம் என்கிறார்கள். வர்ம நூல்கள் உடம்பில் இப்படி 108 இடங்களைச் சொல்கின்றன, கடுமையான படுவர்மம் 12, அதைவிட இலேசான தொடுவர்மம் 96. குமரி மாவட்டத்தில் இதற்கு ஆசான் பரம்பரைகள் உண்டு, சித்த மருத்துவத்தில் சிகிச்சையாகவும் செய்கிறார்கள். இவற்றில் சில இடங்களை இன்றைய உடற்கூறோடு ஒட்டிப் பார்த்தாலே புரியும். கழுத்தின் பக்கவாட்டில் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் பலமாக அடி விழுந்தால் இதயத்துடிப்பு சட்டென்று குறைந்து ஆள் மயங்கலாம், செத்தும் போகலாம். (பிள்ளைகள் விளையாட்டாகக்கூட முயலக் கூடாத இடம் அது.) மேல்வயிற்றில் குத்து விழுந்தால் மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் இறுகிச் சற்று நேரம் மூச்சு வராது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது, அங்கே பட்டால் கால் மரத்துத் துவண்டுவிடும். குத்துச்சண்டைக்காரர்களும் இந்த இடங்களை அறிவார்கள், வேறு பெயரில்.

"இன்றைக்குத் தொட்டால் இத்தனாம் நாள் சாவான்" என்ற கதைக்குக்கூட ஏதோ ஒரு விதை இருந்திருக்கும் என்பது என் ஊகம். வயதானவர் தலையில் அடிபட்டு, அன்றைக்கு எழுந்து நடந்துபோய், உள்ளே மெல்ல ரத்தம் கசிந்து சில வாரம் கழித்து விழுவது மருத்துவர்கள் அறிந்த விஷயம். அந்தக் காலத்தில் ஸ்கேன் ஏது? அடித்தவனுக்கு மந்திர சக்தி என்று ஊர் பேசியிருக்கும்.

ஆனால் தொடாமல் பார்வையால் வீழ்த்துவது வேறு சங்கதி. கண்ணிலிருந்து கிளம்பி எதிராளியின் நரம்பைப் போய்த் தொடுகிற எதுவும் கிடையாது. 2011-ல் வந்த ஒரு சினிமாவுக்குப் பிறகு நோக்கு வர்மம் என்ற சொல் மதுரையில் டீக்கடை வரை வந்துவிட்டது. அதற்கு முன்னால் எங்கள் வாத்தியார் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மேலூர்ப் பக்கம் ஒரு பெரியவர், கம்பும், வெறுங்கைச் சண்டையான குத்துவரிசையும் சொல்லித் தருகிறவர், வர்மமும் கொஞ்சம் தெரியும். செல்லூரைச் சேர்ந்த என் நண்பன் குத்துச்சண்டைக்காரன். இந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு அரிப்பெடுத்து, அவரைப் பார்க்கணும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனான். போனவன் செருப்பை வெளியே கழற்றி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். அதுவே பெரியவருக்குப் பிடித்துவிட்டது.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. எம்மேல ஒண்ணு காட்ட முடியுமா?"

"கைய நீட்டுப்பா."

நீட்டினான். முன்கையில் முழங்கைக்கு நாலு விரல் கீழே கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து. இறுக்கிப் பிடித்திருந்த முஷ்டி தானாக விரிந்தது. அவனுக்கு ஒரே ஆச்சரியம், திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னான். பிறகு, "ஐயா, நான் நகந்துக்கிட்டே இருந்தா?" என்று கேட்டான். "நகரு" என்றார். அவன் குத்துச்சண்டைக் காலடியில் சுற்றி வர, அவர் இரண்டு மூன்று முறை கையைப் பிடிக்கப் பார்த்தார், கிடைக்கவில்லை. பெரியவர் சிரித்தார். "நின்னாத்தானப்பா தொட முடியும். ஒன்னைய நிப்பாட்டத்தான் கம்பு." உடனே ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த கம்பை எடுத்து நீட்டினார். அப்புறம் நண்பனால் அவருக்கு ஆறடி கிட்டத்தில்கூடப் போக முடியவில்லை. கணுக்காலில் பட்ட இரண்டு தட்டோடு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். அன்றைக்கு நோக்கு வர்மம் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. பெரியவர் இவனிடம் கயிறு தாண்டுவதைப் பற்றி ரொம்ப நேரம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. ஜப்பானில் யானகி ரியூகென் என்று ஒருவர் தொடாமலே சீடர்களைக் கூட்டம் கூட்டமாக வீழ்த்திக்கொண்டிருந்தார். 2006-ல் கலப்புச் சண்டை வீரர் ஒருவரோடு பந்தயம் கட்டி மேடை ஏறினார். முகத்தில் அடி வாங்கி, சற்று நேரத்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. அவரை ஏமாற்றுக்காரர் என்று எல்லாரும் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏமாற்றுக்காரனாக இருந்தால் பணம் கட்டி அடி வாங்க வருவானா? சீடர்கள் விழுந்து விழுந்து ஆசானையே நம்ப வைத்துவிட்டார்கள். முதல் சீடன் மரியாதைக்காக விழுகிறான், அடுத்தவன் முன்னவன் விழுந்ததைப் பார்த்து விழுகிறான். பத்து வருடம் இப்படிப் போனால் கற்றுக்கொடுக்கிறவருக்கும் தன் கை எது, சீடனின் பணிவு எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. சீனாவில் சூ சியாவ்தொங் என்ற சண்டை வீரர் 2017-ல் தாய்ச்சி என்ற சீனப் பாரம்பரியக் கலையின் ஆசான் ஒருவரை அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். அதோடு நில்லாமல் பாரம்பரியக் கலைகள் எல்லாவற்றையும் போலி என்று சாடியதால் நாடே அவர்மேல் பாய்ந்தது. அவர் சோதித்தது நியாயம், பேச்சுதான் நீண்டுவிட்டது.

கராத்தே மாஸ்டரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பள்ளி ஆண்டு விழாவில் ஓடு உடைக்கிறார்களே, அந்த ஓடுகளுக்கு நடுவில் சின்னச் சின்னக் குச்சி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இடைவெளி இருப்பதால் ஓடுகள் ஒவ்வொன்றாகத்தான் உடையும், மேலோடு கீழோட்டை உடைக்க உதவும். குச்சியை எடுத்துவிட்டு ஒட்டி அடுக்கினால் அதே கை திணறும். ஆணிப் படுக்கையில் படுப்பதும் அப்படித்தான், நூற்றுக்கணக்கான ஆணிகள் எடையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எங்கள் பக்கமும் யோக்கியம் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு பையன் வயிற்றில் வைத்த வாழைக்காயை வாளால் வெட்டுவார்கள். துணிக்குக் கீழே மூக்கோரம் ஒரு சந்து எப்போதும் இருக்கும். அதற்காக அது சும்மா என்று ஆகிவிடாது. வாழைக்காய் இரண்டாகி, வாள் தோலைத் தொடாமல் நிற்க வேண்டுமே, அந்த மணிக்கட்டு உண்மைதான். இப்போது இன்னொன்று சேர்ந்திருக்கிறது, காசு கட்டினால் கிடைக்கும் "உலக சாதனை"ச் சான்றிதழ். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

சோதிப்பது என்பது வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று சிலம்பக்காரர்கள் கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. திருவிழாப் போட்டிகளில் கம்பு நுனியில் கரியோ சாயமோ தடவி, யார் உடம்பில் எத்தனை பொட்டு விழுந்தது என்று எண்ணுகிற வழக்கம் நமக்கே உண்டு. அந்தப் பொட்டுக்கு வாத்தியார் யார், பரம்பரை எது என்பதெல்லாம் தெரியாது. கேட்கிற முறை மட்டும் முக்கியம். அடுத்தவர் களத்தில், அவர் பிள்ளைகள் முன்னால் "செஞ்சு காட்டுங்க பாப்போம்" என்று கேட்டால் அது சண்டைக்கு இழுப்பது. தனியாகப் போய், தன் உடம்பை நீட்டி "எம்மேல காட்டுங்கய்யா" என்றால் எந்த நல்ல வாத்தியாரும் மறுக்க மாட்டார். மறுத்து, "ஒனக்கு நம்பிக்கை இல்ல, அதான் பலிக்காது" என்று சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள்.

உங்கள் பையன் விஷயத்துக்கு இதுதான் என் யோசனை: சேர்ப்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் எந்நேரமும் தனித்தனியாக அலங்கார வீச்சு மட்டும் சுற்றுகிறார்களா, இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நின்று தட்டவும் தடுக்கவும் பழகுகிறார்களா? அடி பட்ட பையன் பட்டது என்று வாய் திறந்து சொல்கிறானா? வாத்தியாருக்கே சீடன் கம்பு பட்டுவிட்டால் முகம் எப்படிப் போகிறது? "பலே" என்று சொல்கிறவராக இருந்தால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள், நோக்கு வர்மம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். முதல் சில வாரம் வெறும் காலடிதான் இருக்கும். "எப்பப்பா சுத்தச் சொல்லிக் குடுப்பாங்க" என்று பையன் வீட்டில் நச்சரிப்பான். கம்பை அவசரப்பட்டு நீங்களே வாங்கிவிடாதீர்கள், அவன் உயரத்தைப் பார்த்து வாத்தியாரே சொல்வார்.