காலத்தில் பின்னால் போக முடியுமா? ஒரு ரிக் வண்டிக்காரன் பதில்

"இயற்பியல்படி கடந்த காலத்துக்குத் திரும்பிப் போக வழி உண்டா, இல்லையென்றால் எது தடுக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடுராத்திரியில் இதைக் கேட்கிறவர் ஏதோ ஒன்றைக் கோட்டை விட்டவராகத்தான் இருப்பார். பரீட்சையோ, பொண்ணு பார்த்த விஷயமோ, வாய் தவறி விட்ட ஒரு வார்த்தையோ. எனக்கு அது 780 அடியில் நடந்தது.

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவன் நான். பிழைப்பு, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி. ஆழ்துளைக் கிணறு போடுகிற தொழில். "போர் போடறவனுக்கு ஐன்ஸ்டீன் எதுக்கு?" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மார்க் ஷீட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. படித்த கையோடு ஒரு கல்லூரிக்கு விரிவுரையாளர் வேலைக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தவர்கள் இயற்பியலில் ஒரு கேள்வி கேட்கவில்லை. "எவ்வளவு புரட்ட முடியும்?" என்று மட்டும் கேட்டார்கள். அந்தக் காசுக்கு வண்டியில் பங்கே வாங்கலாமே என்றார் அப்பா. வாங்கினோம். சரி, அது வேறு கதை. இன்னும் ஆறவில்லை, அதனால் வந்துவிட்டது.

முன்னால், அதாவது எதிர்காலத்துக்குப் போவது நிஜம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேகமாகப் பயணம் செய்யும் கடிகாரமும், பூமிக்கு நெருக்கமாக இருக்கும் கடிகாரமும் மெதுவாக நடக்கும். 2010-ல் அமெரிக்காவில் ஒரு கடிகாரத்தை இன்னொன்றைவிட ஓர் அடி உயரத்தில் வைத்து, அந்த ஓரடியால் வரும் நேர வித்தியாசத்தையே அளந்துவிட்டார்கள். எங்கள் வண்டியில் இருக்கும் ஜிபிஎஸ்ஸே சாட்சி. மேலே சுற்றும் செயற்கைக்கோளின் கடிகாரம், வேகத்தால் இழப்பதைவிட உயரத்தால் பெறுவது அதிகம் என்பதால், இங்கே தரையில் இருப்பதைவிட நாளுக்கு 38 மைக்ரோ செகண்ட் வேகமாக ஓடுகிறது. அதைச் சரிக்கட்டாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் தப்பு வந்துவிடும். காங்கேயத்துக்குப் போக வேண்டிய வண்டி வெள்ளகோவில் பக்கம் நிற்கும். நான் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் அடி போருக்குள் ஒரு கடிகாரத்தை இறக்கி வைத்தால் வருஷத்துக்கு ஒரு மைக்ரோ செகண்ட் பின்தங்கும். பின்தங்கும் என்றதும் கடந்த காலத்துக்குப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அதை மேலே தூக்கினால், நம்முடைய இன்றைக்குத்தான் அது வந்து சேரும், ஒரு துளி இளமையாக. புராணத்திலேயே இருக்கிறது என்று வருகிறவர்களுக்கும் அதே பதில்தான். மகளைக் கூட்டிக்கொண்டு பிரம்மலோகம் போன ரைவத ராஜா திரும்பி வந்தபோது யுகங்கள் ஓடிப் போயிருந்தன. அவரும் முன்னால்தான் போனார்.

இப்போது என் கதை. 2017, ஏப்ரல். முந்தின வருஷம் ஐப்பசி மழை பொய்த்து, கொங்கு நாடு முழுக்கத் தென்னை காய்ந்துகொண்டிருந்த நேரம். காங்கேயம் பக்கம் எங்கள் மாமா தோட்டத்தில் போர். கருங்கல் பாறை. ராடு ஒன்று 20 அடி. 39-வது ராடு இறங்கி முடிந்தது, குழியிலிருந்து வெள்ளைப் புகைதான் வந்தது. வண்டிக்கு அந்தப் பக்கம், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, விரலில் பாறைப் பொடியைத் தொட்டுத் தொட்டு ஈரம் பார்த்துக்கொண்டே நின்றார் மாமா.

"மாப்ள, இன்னும் ரெண்டு ராடு உட்டுப் பாக்கலாமுங்களா?"

"புகைதானுங்க மாமா வருது. காசு வீணுங்க" என்றேன்.

காசு வீண் என்பது பாதி உண்மை. மீதி, தாராபுரத்தில் அடுத்த பார்ட்டி காலையிலிருந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். ராடைக் கழற்றச் சொல்லிவிட்டேன். ஐந்து மாசம் கழித்து வேறு ஒரு வண்டியை விட்டு, அதே குழியிலேயே மறுபடியும் ஓட்டினார்கள். 815 அடியில் ரெண்டரை இஞ்ச் தண்ணி. சரியாக ரெண்டு ராடு. அதற்குள் அறுபது தென்னை மண்டை சாய்ந்துவிட்டது.

இதற்குப் பிறகுதான் பழைய புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்தேன். 1915-ல் ஐன்ஸ்டீன் கொடுத்த சமன்பாடுகள் பின்னால் போகக் கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. 1949-ல் அவருடைய சிநேகிதர், கணித மேதை கர்ட் கோடல் (Gödel) அதே சமன்பாட்டில் ஒரு விடை கண்டுபிடித்தார். பிரபஞ்சம் மொத்தமும் சுழன்றால், ஒரு பெரிய வட்டம் அடித்துத் தன் பழைய நாளுக்கே வந்து சேரலாம். ஆனால் நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதற்கு அறிகுறி இல்லை. 1988-ல் அமெரிக்க இயற்பியலாளர் கிப் தோர்னும் கூட்டாளிகளும் புழுத்துளை வழி சொன்னார்கள். வெளியிலும் காலத்திலும் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குச் சுரங்கம் அது. அதன் வாய் மூடிக்கொள்ளாமல் இருக்க எதிர் ஆற்றல், அதாவது பூஜ்யத்துக்கும் கீழான ஆற்றல் வேண்டும். நாங்கள் மேல்மண் சரியாமலிருக்கக் கேசிங் பைப் இறக்குவோமே, அந்த மாதிரி. அவ்வளவு எதிர் ஆற்றலுக்கு எங்கே போவது? அது கிடைத்தாலும் இன்னொரு வம்பு இருக்கிறது. அந்தத் துளை கால இயந்திரமான நாளுக்கு முந்தி போக முடியாது. ஆக, 2017 ஏப்ரல் எனக்குக் கிடையாது.

அப்புறம் அந்தத் தாத்தா சிக்கல். பேரன் பின்னால் போய் அப்புச்சி கல்யாணத்தைக் கெடுத்துவிட்டால் பேரன் எங்கிருந்து வந்தான்? ரஷ்ய இயற்பியலாளர் நோவிகோவ் இதற்கு ஒரு பதில் சொன்னார்: போனாலும் நடந்ததுதான் நடக்கும், மாற்ற முடியாது. அது சரியென்றால் நான் திரும்பிப் போயும் அதே 780-ல்தான் நிறுத்துவேன். ஹாக்கிங் 1992-ல் இன்னும் கறாராக, இயற்கையே இதை நடக்க விடாது என்று ஊகித்தார். 2009 ஜூன் 28 அன்று, எதிர்காலத்திலிருந்து பின்னால் வரக்கூடியவர்களுக்கென்று விருந்து வைத்துவிட்டு, அது முடிந்த பிறகு அழைப்பிதழ் கொடுத்தார். யாரும் வரவில்லை. இது நிரூபணம் இல்லை என்று எனக்கும் தெரியும், சண்டைக்கு வராதீர்கள்.

எனக்குப் பிடித்தது 2011 சம்பவம். நியூட்ரினோ என்கிற நுண்துகள் ஒளியைவிட 60 நானோ செகண்ட் முந்தி வந்தது என்று இத்தாலியில் அளந்தார்கள். ஒளியை முந்தினால் பின்னால் போகும் கதவு திறக்கும் என்பதால் உலகமே பரபரத்தது. கடைசியில் ஒரு கேபிள் சரியாகச் சொருகப்படவில்லை! கம்ப்ரசர் நின்றுபோனால் நாங்களும் முதலில் ஒயரைத்தான் ஆட்டிப் பார்ப்போம்.

ஆக, கணக்கு முழுசாகக் கதவைச் சாத்தவில்லை, ஆனால் இதுவரை தெரிந்தவரை வழி இல்லை. இந்தப் பொங்கலுக்கு மாமா வீட்டுத் திண்ணையில் இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே முழுக்கக் கேட்டார்.

"ஏனுங் மாப்ள, பின்னால போறதுக்கும் அடிக்கு இத்தனைன்னுதான் ரேட்டுங்களா?"

780 அடிக்கான பில்லில் பாதி இன்னும் பாக்கி இருக்கிறது. நான் கேட்கவில்லை.