600 மார்க்கும் இரண்டு பிள்ளைகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நடுக்கால வேல்ஸ் வரலாற்றைப் படித்து வருகிறேன். குவினெத், போவிஸ், தெஹைபார்த் என்று மூன்று நாடுகள், மூன்று அரசகுலங்கள். எல்லா மகன்களுக்கும் பங்கு என்ற வழக்கத்தால் சகோதரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு அழிந்தார்கள் என்றே எங்கும் காண்கிறேன். ஒரே வாரிசு முறை இருந்திருந்தால் வேல்ஸ் தப்பியிருக்குமா? அந்தப் பெயர்களை எப்படி உச்சரிப்பது?

க.

அன்புள்ள க.,

உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நாக்குக்கு வந்தபடி சொல்லுங்கள். போவிஸையும் தெஹைபார்த்தையும் இன்னொரு நாள் பேசலாம். ‘அடித்துக்கொண்டு அழிந்தார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் உடனே பதில் எழுதுகிறேன். சில காலமாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் அது.

ஒரே வாரிசு முறையை ஒருவர் செய்தே பார்த்தார். குவினெத்தை ஆண்ட பெரிய லெவெலின். மூத்த மகன் கிரிஃபித் வேல்ஸ் சட்டப்படி பங்குக்கு உரியவர், ஆனால் திருச்சபை ஏற்காத உறவில் பிறந்தவர். இளையவர் தாவித், இங்கிலாந்து மன்னர் ஜானின் மகள் வயிற்றுப் பேரன். தாவித்தான் வாரிசு என்று முடிவுசெய்து 1220இல் மன்னர் மூன்றாம் ஹென்றியிடமும் 1222இல் போப்பிடமும் ஒப்புதல் வாங்கினார் லெவெலின். இதைவிட முறையாக யார் செய்ய முடியும்?

1240இல் அவர் கண்மூடினார். கிரிஃபித் தம்பியின் காவலில் கிடந்தார். 1241 ஆகஸ்டில் கிரிஃபித்தின் மனைவி செனனா, ஹென்றியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். கணவரை மீட்டு அவருடைய பங்கு கிடைக்க வழிசெய்தால் 600 மார்க் (அந்தக் கால இங்கிலாந்தின் பணக்கணக்கு) தருவதாக வாக்கு. பிணையாகத் தன் சிறு மகன்கள் இருவர். ஹென்றி படையெடுத்துப் போய்த் தாவித்தைப் பணியவைத்தார், கிரிஃபித்தைக் கேட்டு வாங்கினார், லண்டன் கோபுரத்தில் அடைத்தார். தாவித் முரண்டு பிடித்தால் அண்ணனைக் காட்டி மிரட்டலாம் அல்லவா? 1244 மார்ச் 1ஆம் தேதி, படுக்கை விரிப்புகளை முடிச்சிட்டுக் கயிறாக்கிக் கோபுரத்திலிருந்து இறங்கினார் கிரிஃபித். சிறையில் உடல் கனத்துப் போயிருந்தது. கயிறு அறுந்தது, விழுந்து செத்தார்.

இதைப் படித்த பிறகும் வழக்கத்தின் மேல் பழி போடுவீர்களா?

என் தந்தையும் சித்தப்பாவும் பாகத்துக்காக நீதிமன்றம் ஏறியபோது, இருவருக்கும் வழக்குச் செலவுக்குக் கடன் கொடுத்தவர் ஒரே ஆள். கடைசியில் நிலம் அவர் கைக்குப் போனது. அண்ணன் தம்பி ஒற்றுமை இல்லாமல் சொத்து போயிற்று என்றுதான் ஊர் இன்றும் பேசுகிறது. கடன் கொடுத்தவர் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

சண்டையே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கிரிஃபித்தின் மகன் லெவெலின் 1255இல் சகோதரர்களைப் போரில் வென்று, மூத்தவரான ஓவைனை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அடைத்து வைத்தார். கொடுமைதான். ஆனால் அதே லெவெலினைத்தான் 1267இல் ஹென்றி வேல்ஸ் இளவரசர் என்று ஏற்க நேர்ந்தது. தானாக அழியும் குலமா இது?

1282 டிசம்பரில் ஆங்கிலேயர்கள் அவரைக் கொன்றார்கள். மறு ஆண்டு அவருடைய தம்பி தாவித்துக்கு (சித்தப்பாவின் பெயர்தான் இவருக்கும்) ஷ்ரூஸ்பரியில் மரண தண்டனை. அதோடு விட்டார்களா? லெவெலினின் மகள் குவென்லியன், பிறந்த சூட்டிலேயே தாயை இழந்த கைக்குழந்தை. அவளை லிங்கன்ஷயரில் ஒரு கன்னியர் மடத்தில் விட்டார்கள். 1337இல் சாகும்வரை அங்கேயே இருந்தாள். தாவித்தின் மகன்கள் இருவரும் பிரிஸ்டல் கோட்டையில். அவர்களில் ஓவைனை இரவில் அடைக்க இரும்பு பூட்டிய மரக்கூண்டு செய்யும்படி 1305இல் இங்கிலாந்து மன்னர் எட்வர்டு ஆணையிட்டார். சகோதரச் சண்டையால் தானே முடிந்துபோன குலத்துக்குக் கூண்டு எதற்கு, சொல்லுங்கள்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். வேல்ஸைத் தேடிப் படிக்கும் உங்களைப் போன்றவர்களை எனக்குப் பிடிக்கும், அதனால்தான் இத்தனை உரிமையோடு பேசுகிறேன். குலவரிசையில் ரோத்ரியின் கிளையையும் பாருங்கள். செனனா பிணையாகக் கொடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர் அவர். அவருடைய பேரன் இன்னொரு ஓவைன், பிரெஞ்சு மன்னரின் படைத்தலைவராகி வேல்ஸ் தனக்குரியது என்றார். 1378இல், ஷ்ரூஸ்பரியில் தாவித் இறந்து 95 ஆண்டுகள் கழித்து, பிரான்சில் ஒரு முற்றுகையின்போது அவரைக் குத்திக் கொன்றவன் ஆங்கிலேயரிடம் கூலி வாங்கியவன்.