டேப் முழுசா ஏறுது, அப்புறம் ரீசெட் ஆயிருது!

கேள்வி: அண்ணே, மாமா துபாய்ல இருந்தப்ப வாங்கிட்டு வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்னு ஒரு பழைய ஹோம் கம்ப்யூட்டர் மச்சுல கெடந்துச்சு. தூசி தட்டி ஆன் பண்ணா 1982 சின்க்ளேர்னு எழுத்து வருது, அதுல இருக்குற பேசிக் மொழி நல்லா ஓடுது. லேப்டாப்ல இசட்88டிகே-ங்கற சி கம்பைலர போட்டு சின்னதா ஒரு கேம் எழுதுனேன், ஸ்பெக்ட்ரம் மாதிரியே நடிக்குற எமுலேட்டர் சாஃப்ட்வேர்ல சூப்பரா ஓடுது, அதே டேப் ஃபைல போன்லருந்து ஒயர் போட்டு மெஷின்ல ஏத்துனா முழுசா ஏறிட்டு அப்புறம் ரீசெட் ஆயிருது. கம்பைலர்ல கோளாறா?
– வாசகர், தக்கலை

பதில்: தம்பி, கம்பைலர திட்டாதீங்க. குளச்சல் பக்கம் வள்ளத்த கரையில வச்சுதானே கட்டுறாங்க, ஓடப்போற எடம் எப்படின்னு கட்டுறவருக்கு நாமதான் சொல்லணும். ஒரு மெஷின்ல இருந்துக்கிட்டு இன்னொரு மெஷினுக்கு புரோகிராம் செய்யுற கிராஸ் கம்பைலரும் அப்படித்தான், உங்க மெஷின்ல மெமரி எவ்ளோன்னு அதுக்கு எப்படி தெரியும்? நீங்க ஒண்ணும் சொல்லலேன்னா 48கே மாடல்னு எடுத்துக்கிட்டு புரோகிராம மெமரியில 32768-ங்கற அட்ரஸ்ல கொண்டு வைக்கும்.

மொதல்ல பேசிக்ல இத அடிங்க: பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733. மெமரியோட கடைசி அட்ரஸ் எதுன்னு அது சொல்லும். 65535 வந்தா 48கே, மெமரி முழுசா இருக்கு, வேற எங்கயோ பிரச்சன. 32767 வந்துச்சுன்னா ஒண்ணு அது 16கே மாடல், இல்லேன்னா மேல இருக்குற 32கே ராம் செத்துருச்சு. இந்த மேல் ராம்ல ஒரு கூத்து உண்டு, பாதி கெட்டுப்போன 64கே சிப்ப மலிவா வாங்கி நல்ல பாதிய மட்டும் வச்சு ஓட்டுனாங்க சின்க்ளேர்காரங்க.

எர்ரர் ஏன் வரலன்னு கேப்பீங்க. டேப்ப ஏத்துற ரொட்டீன் எழுதுன பைட்ட திரும்பிப் படிச்சுப் பாக்காது, ராமே இல்லாத அட்ரஸ்லயும் சும்மா எழுதிக்கிட்டே போவும், கடைசியில 32768-க்கு தாவுனா அங்க ஒண்ணுமே இருக்காது. நம்பலேன்னா எமுலேட்டர்ல மாடல 16கே-ன்னு மாத்தி ஓட்டுங்க, அங்கயும் கவுந்துரும்.

ரிப்பேர் பண்ணாமலே ஓட்டணும்னா 'இசட்ஆர்க்' ஆப்ஷன்ல 24576-னு குடுத்து திரும்ப கம்பைல் பண்ணுங்க, ஸ்டாக்கும் (புரோகிராம் ஓடும்போது தற்காலிகமா எழுதி வைக்குற எடம்) 32767-க்கு கீழ உக்காருதான்னு பாத்துக்கிடுங்க. அங்கருந்து மேல மொத்தமே 8192 பைட்டுதான், கோடு, வேரியபிள், ஸ்டாக் எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். அதனால எழுத்து காட்டுற பிரிண்ட்எஃப் ஃபங்ஷன தூக்கிருங்க, ஸ்கோர் காட்டவா அவ்ளோ பெரிய சாமான்? அப்புறம் இன்ட்-ங்கற முழு எண் வகை இங்க 16 பிட்டு. நான் ஒருக்கா லூப்ப 40000 வரைக்கும் ஓட விட்டுட்டு, அது 32767 தாண்டுனதும் மைனஸ்ல போயி முடியவே மாட்டேங்குதுன்னு ரெண்டு ராத்திரி முழிச்சேன், லேப்டாப்ல ஜம்முன்னு ஓடுன அதே கோடுதான்.

ஆமா, அடாப்டர் பழசுதானே? புதுசு வாங்கியிருந்தா மீட்டர் வச்சுப் பாருங்க, ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட், நடுவுல மைனஸ், கடையில சாதாரணமா கிடைக்குறதுல நடுவுல பிளஸ்தான் இருக்கும்.