முதலில் காணி உறுதி வாசிக்கட்டும், தலைமை பிறகு வரும்: வெல்லாவெளித் தந்தை ஒருவருக்கு

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. கலைப்பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் உங்கள் மகள், மக்கள் வீடிழந்து தெருவுக்கு வராமல் தடுக்கும் சட்டக் குழுவொன்றுக்குத் தலைவர் தேவையென அமெரிக்கத் தொண்டு நிறுவனமொன்று வெளியிட்ட விளம்பரத்தைக் காட்டி, தனக்கும் அப்படியொரு வேலைதான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இப்படியொரு வேலை மட்டக்களப்பில் உண்டா, அதில் வருமானத்தோடு வாழ முடியுமா, காணி விவகாரத்துக்குள் போகும் பெண்பிள்ளைக்கு ஆபத்து வராதா என்று நீங்கள் கேட்கிறீர்கள். என் பதிலின் பெரும் பகுதி முதலாவது கேள்விக்கே போய்விடும். அந்த வேலை எத்தகையது என்று தெரிந்தால்தான் பிள்ளை எதைப் படிக்க வேண்டும், எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

அமெரிக்காவில் அந்த வேலை பெரும்பாலும் வாடகை வீட்டைச் சுற்றியது. வாடகை கட்ட முடியாமற்போனவரை வெளியேற்றும்படி வீட்டுச் சொந்தக்காரர் வழக்குப் போடுவார். அவர் பக்கத்தில் சட்டத்தரணி நிற்பார், குடியிருப்பவர் தனியே நிற்பார். இந்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்காக, வெளியேற்ற வழக்கை எதிர்கொள்ளும் குறைந்த வருமானக் குடியிருப்பாளர்களுக்கு இலவசச் சட்டத்தரணியை வழங்கும் சட்டத்தை 2017 இல் நியூயோர்க் நகரம் கொண்டுவந்தது. அந்நாட்டு நகரங்களில் அத்தகைய சட்டத்தை முதலில் இயற்றியது அதுதான். இவ்வாறான சட்டங்கள் வந்த இடங்களில் தொண்டு நிறுவனங்களின் சட்டக் குழுக்களும் பெருகின.

எங்கள் பகுதியில் ஒரு குடும்பம் வீட்டை இழக்கும் வழிகள் வேறு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்து வழங்கிய பெர்மிட் காணிகள் அதிகம். 1935 ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தகப்பனுக்குக் கிடைத்த பெர்மிட், தனக்குப் பின் காணி சேர வேண்டிய பின்னுரித்தாளரை அவர் பெயர் குறிக்காமல் இறந்துபோனதால் பல ஆண்டுகள் அலுமாரிக்குள்ளேயே கிடக்கும். அத்தகைய நிலையில் ஆண் வாரிசுகளுக்கு இருந்துவந்த முன்னுரிமையை 2022 ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நீக்கியது. இருந்தாலும் சட்டம் மாறிய செய்தி ஊருக்குள் வந்து சேர்வதற்கிடையில் எத்தனையோ பெண்கள் அண்ணன் தம்பிக்கு வழிவிட்டு ஒதுங்கியிருப்பார்கள். பெர்மிட்டே இல்லாமல் அரச காணியில் குடியிருப்போரின் நிலை இதைவிடக் கடினமானது. 1979 ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (ஆட்சி மீளப்பெறுதல்) சட்டத்தின் கீழ், முப்பது நாட்களுக்குக் குறையாத தவணை கொடுத்து வெளியேறும்படி அறிவித்தல் வரும். வெளியேறாவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே குடியிருப்பவர், வலிதான பெர்மிட்டோ எழுத்து மூலமான அரச அதிகாரமோ தன்னிடம் இருப்பதைக் காட்டலாமே தவிர, நாற்பது வருடம் இருந்தோம், கிணறு வெட்டினோம், தென்னை வைத்தோம் என்பதெல்லாம் எடுபடாது.

அந்த அறிவித்தலே சட்டத்துக்கு முரணானது என்று வாதிட விரும்பினால் எழுத்தாணை, அதாவது அதிகாரியின் முடிவை இரத்துச் செய்யும் நீதிமன்றக் கட்டளை, கோர வேண்டும். மட்டக்களப்பிலேயே மாகாண மேல் நீதிமன்றம் இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். அரச காணி வெளியேற்ற அறிவித்தல்களைப் பொறுத்தவரை மாகாண மேல் நீதிமன்றத்துக்கு எழுத்தாணை வழங்கும் நியாயாதிக்கம் இல்லை என்று உயர் நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்தது. ஆகவே கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டும். வெல்லாவெளியிலிருந்து கொழும்புக்குப் போகும் செலவையும், அங்கே வாதாடும் சட்டத்தரணியின் கட்டணத்தையும் ஒரு கூலிக் குடும்பத்தால் தாங்க முடியாது. தொண்டு நிறுவனத்தின் சட்டக் குழு தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையிலும் கல்முனைப் பக்கத்திலும் பிரச்சினை வேறு வடிவத்தில் வரும். வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பது தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஊறிப்போன வழக்கம். பெண்ணின் கையில் வீடு இருப்பது நல்ல விடயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெற்றோர் தங்களுடைய சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, உறுதிப் பத்திரத்தில் ஒதுக்கி வைக்காமல் முழுவதையும் எழுதிவிடுகிறார்கள். பிறகு மருமகன் கடனுக்கு அந்த வீட்டை ஈடு வைக்கிறார். கடன் முற்றியதும் தாய் தகப்பன், மகள், பேரப்பிள்ளைகள் எல்லோருமாக வெளியே நிற்கிறார்கள். உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னிலையில் ஒரு வரி சேர்த்திருந்தால் பெற்றோருக்காவது அந்தக் கூரை மிஞ்சியிருக்கும். இன்னொரு வகை, வங்கிக்கு ஈடு வைத்த வீடு. 1990 ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு அளித்துள்ள பராட்டே அதிகாரத்தின்படி, குறித்த தொகைக்குக் குறையாத கடனுக்கு ஈடு வைத்த ஆதனத்தை வங்கி வழக்குப் போடாமலே ஏலத்தில் விற்கலாம். தனியாரிடம் அவசரத்துக்குக் கடன் வாங்கும்போது, ஈட்டு உறுதி என்று நினைத்து, காணியையே விற்றுவிடும் அறுதி உறுதியில் கையெழுத்து வைத்துவிட்டு வருவோரும் இருக்கிறார்கள். வீட்டு வன்முறையால் நள்ளிரவில் பிள்ளைகளோடு வெளியேறும் பெண்ணையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2005 ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பெறும் பாதுகாப்புக் கட்டளையால், அடிப்பவர் வீட்டுக்குள் வருவதைத் தடுத்து, அவள் அந்த வீட்டிலேயே இருக்க வழி செய்யலாம்.

போரால் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் தனிக்கதை. 1990 இல் வெளியேறியவர்கள் திரும்பி வந்தபோது காணியில் வேறொருவர் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருந்து, ஆட்சியுரிமை, அதாவது நெடுநாள் இருந்ததால் வரும் உரிமை, கேட்கும் நிலை இருந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று 2016 ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடம்பெயர்ந்தவர்களுக்கு நிவாரணம் அளித்தது. அதைப் பயன்படுத்த இருந்த அவகாசமோ இரண்டு ஆண்டுகள்தான். ஊருக்குள் போய் அதை எடுத்துச் சொல்ல ஆள் இருந்த இடங்களில் மக்கள் பயனடைந்திருப்பார்கள். இல்லாத இடங்களில் சட்டம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இவற்றையெல்லாம் விரிவாக எழுதியதற்குக் காரணம் உண்டு. இந்த வேலையில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் நாட்கணக்கில்தான் தீர்மானமாகின்றன. வெளியேற்ற அறிவித்தலுக்கு முப்பது நாள். பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவர் 1979 ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் காணியின் ஆட்சியைத் திரும்பப் பெற வேண்டுமானால், விடயம் நீதிமன்றத்துக்கு வருவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் அந்த வெளியேற்றம் நடந்திருக்க வேண்டும். அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு ஒரு மாதம். எங்கள் சனம் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போகும், பிறகு கோயில் நிர்வாகியான வண்ணக்கரிடம் அல்லது பள்ளிவாசல் தலைவரிடம் போகும், பிறகு அரசியல்வாதியிடம் போகும். கடைசியில்தான் சட்டத்தரணியிடம் வரும். அதற்குள் தவணை முடிந்துவிடும். ஆகவே சட்டக் குழுவின் தலைவருக்கு நீதிமன்றத்தில் வாதாடும் திறமையைவிட முக்கியமானது, ஊருக்குள் கடிதம் வந்த அதே வாரத்தில் அது அலுவலகத்துக்கும் வந்து சேரும்படி ஓர் ஏற்பாட்டைக் கட்டி வைப்பதாகும். கிராமங்களில் பயிற்றப்பட்ட சட்ட உதவியாளர்கள், வரும் ஆட்களைத் தவணைத் திகதியின்படி வரிசைப்படுத்தும் பதிவேடு, பிரதேச செயலகத்திலுள்ள கோப்பின் பிரதியைப் பெற 2016 ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உடனே போடும் விண்ணப்பம் ஆகியவையே அந்த ஏற்பாடு.

தலைவருக்கு வேறு தலையிடிகளும் உண்டு. சிறிய ஊரில் ஒரே வீட்டுக்காக அக்காவும் தங்கையும் ஒரே அலுவலகப் படியில் ஏறுவார்கள். ஒருவருக்கு ஆலோசனை சொன்ன பிறகு மற்றவருக்காக நிற்க முடியாது. அவரைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும், முதலாமவர் சொன்ன இரகசியத்தையும் காக்க வேண்டும். இன்றைக்கு ஒரு பிரதேச செயலாளரின் அறிவித்தலுக்கு எதிராக மனுப் போட்டுவிட்டு, நாளைக்கு அவரிடமே வேறொரு குடும்பத்தின் பெர்மிட்டுக்காகப் போய் நிற்க வேண்டும். நிதி வழங்குவோர் ஆண்டு முடிவில் எத்தனை பேருக்கு உதவினீர்கள் என்று கேட்பார்கள். ஆனால் கூட்டுக் காணியைப் பங்குபிரிக்கும் வழக்கொன்று பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகும் வரையும் இழுபடும். எண்ணிக்கைக்காக இலேசான வேலைகளை மட்டும் எடுக்கும் குழுக்கள் உண்டு. நல்ல தலைவர் அந்தச் சோதனைக்கு இடம் கொடுக்கமாட்டார்.

எனவே உங்கள் முதலாவது கேள்விக்குப் பதில் இதுதான்: அந்த விளம்பரத்தில் உள்ள பதவிப் பெயரோடு இங்கே வேலை இருக்காது, ஆனால் அதே வேலை இருக்கிறது. சட்ட உதவி ஆணைக்குழு 1978 ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரச நிறுவனம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் மட்டக்களப்பில் அலுவலகம் உண்டு. இவற்றோடு பெண்கள் உரிமை, காணி உரிமை என்று இயங்கும் தொண்டு நிறுவனங்களும் சட்டத்தரணிகளை எடுக்கின்றன.

ஆனால், ஐயா, உங்கள் மகளோடு நான் உடன்படாத இடம் ஒன்று உண்டு. பட்டம் பெற்ற கையோடு தொண்டு நிறுவனத்தில் சேர அவர் விரும்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஆதரிக்கமாட்டேன். கொழும்பு அல்லது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கிடைத்தால் நல்லது. பல்கலைக்கழக அனுமதிக்கான இசற்புள்ளி போதாவிட்டால் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையும் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் பட்டமும் இருக்கின்றன. எந்த வழியால் போனாலும் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளையும் பயிலுநர் காலத்தையும் முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த பிறகே சட்டத்தரணி. அதற்குப் பிறகு சில ஆண்டுகள் மட்டக்களப்பிலோ களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ காணி வழக்குகளை அதிகம் செய்யும் மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ் இருந்து, உறுதி முடித்தல், காணிப் பதிவகத்தில் தேடுதல், சாட்சி விசாரணை ஆகியவற்றைக் கைப்பழக்கமாக்க வேண்டும். நொத்தாரிசு அனுமதியையும் பெற்றுக்கொள்ள வேண்டும். இந்த அனுபவம் இல்லாமல் நேரே நிறுவனத்துக்குப் போகிறவர் அறிக்கை எழுதுவதிலும் செயலமர்வு நடத்துவதிலும் தேர்ச்சி பெறுவார். பத்தாண்டு கழித்து அவருக்குக் கீழுள்ள இளம் சட்டத்தரணி ஓர் உறுதியில் சந்தேகம் கேட்டால் விழிப்பார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அதே வழிதான் பதிலாகிறது. தொண்டு நிறுவனங்களின் வேலை பெரும்பாலும் திட்டக் காலத்துக்கு உட்பட்ட ஒப்பந்தம். நிதி நின்றால் வேலையும் நிற்கும். சொந்தமாக உறுதி முடிக்கவும் வழக்குப் பேசவும் தெரிந்தவருக்கு அந்த இடைவெளி பயமில்லை. சேர முன்னர் அவர் கேட்க வேண்டியவை சில உண்டு. அந்த நிறுவனம் 1980 ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டதா அல்லது உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பெனியா, கணக்காய்வு செய்த அறிக்கை காட்டுவார்களா, ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் தொழில் தருநர் கட்டுகிறாரா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். இவற்றைக் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள் பலர். மற்றவர்களின் உரிமைக்காக நிற்கப் போகிறவர் தன் சேமலாப நிதியைக் கேட்கக் கூச்சப்படுவதில் அர்த்தமில்லை.

ஆபத்து பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காணி வழக்குகளில் மிரட்டல் வருவது உண்டு. கள விசாரணைக்குத் தனியே போகாமை, சர்ச்சைக்குரிய காணிக்குள் அறிவிக்காமல் நுழையாமை, மிரட்டல் வந்த அன்றே பொலிசில் முறைப்பாடு செய்வது ஆகியவை எந்த ஒழுங்கான நிறுவனத்திலும் எழுதி வைத்த விதிகளாக இருக்கும். அவை இல்லாத நிறுவனத்தில் சேர வேண்டாம்.

பெறுபேறு வரும் வரை மகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. சிங்களம் படிக்கட்டும், காணித் திணைக்களங்களின் பழைய கோப்புகள், குறிப்பாக அம்பாறைப் பக்கத்தில், சிங்களத்தில்தான் இருக்கும். மேல்நிலை நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் வருவதால் அதையும் விடக்கூடாது. வீட்டு வசதி என்பது எங்கள் அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையில் அரசின் வழிகாட்டிக் கொள்கையாக இருந்தும், அதை வைத்து ஏன் வழக்குப் போட முடியாது என்பதை 29ஆம் உறுப்புரையோடு சேர்த்து அவரே வாசித்துப் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் செய்யுங்கள். உங்கள் வீட்டு உறுதியையோ பெர்மிட்டையோ எடுத்து மகளின் கையில் கொடுங்கள். எல்லைகள் இன்றைய வேலியோடு பொருந்துகின்றனவா, முன்னைய உறுதியின் இலக்கம் என்ன, உங்களுக்கும் மனைவிக்கும் சீவிய உரித்து இருக்கிறதா, பெர்மிட் என்றால் பின்னுரித்தாளரின் பெயர் பதியப்பட்டுள்ளதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தேவையானால் இருவருமாகக் காணிப் பதிவகத்துக்கோ பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கோ போய் வாருங்கள். அந்த வேலை அவருக்குச் சலிப்பாக இருந்தால், சட்டத்துக்குள் வேறு துறைகள் நிறைய உண்டு, பெறுபேறு வந்த பிறகு அவற்றைப் பேசலாம். இரண்டாவது முறையும் போய்க் கேட்டு வர வேண்டும் என்று அவரே சொன்னால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலையும் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை அறிவித்தலையும் எடுத்துக்கொண்டு இருவரும் என்னிடம் வாருங்கள். விண்ணப்பத்தில் எந்தப் பாடநெறியை முதலாவதாகப் போடுவது என்று அப்போது தீர்மானிப்போம்.