ஒருமுறை வந்தவருக்கு டெங்கு மறுபடி வந்தால்?

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து வருவதெல்லாம் டெங்கு கேள்விகள்தான். சிலவற்றுக்குப் பதில் இங்கே.

வேளச்சேரி வாசகர்: மூன்று வருடத்துக்கு முன்பே எனக்கு டெங்கு வந்துபோனது. உடம்பில் ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்) இருக்குமே, பிறகேன் டாக்டர் இரண்டாவது முறைதான் ஜாக்கிரதை என்கிறார்?

டாக்டர் சொல்வது சரி. டெங்கு வைரஸில் நான்கு வகை. வந்துபோன வகை அநேகமாக மறுபடி உங்களைத் தொடாது, ஆனால் மற்ற மூன்றுக்கு எதிரான பாதுகாப்பு கொஞ்ச காலத்தில் தேய்ந்துவிடும். அப்புறம் வேறு வகை நுழைந்தால் பழைய ஆன்டிபாடி அதன்மேல் ஒட்டிக்கொள்ளுமே தவிர அடக்காது. போதாக்குறைக்கு, ஆன்டிபாடியின் வாலைப் பிடித்து விழுங்குகிற வெள்ளையணுக்களுக்குள் வைரஸும் கூடவே போய்ப் பெருகும். தடுப்பூசியும் முதல் தொற்றுபோல ஆகிவிடலாம்: ஃபிலிப்பைன்ஸில் 2016-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கிய டெங்கு தடுப்பூசியை, முன்பு டெங்கு வராதவர்களுக்கு ஆபத்து கூடுகிறது என்று தெரிந்ததும் 2017-லேயே நிறுத்தினார்கள். பயப்பட வேண்டாம், இரண்டாவது முறையும் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

அண்ணா நகர் மாணவி: ஆன்டிபாடி ஜீன் அப்பா அம்மாவிடமிருந்து வருவதுதானே, அப்படியானால் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே ஆன்டிபாடியா?

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. பெற்றோர் தருவது முழு ஜீன் இல்லை, துண்டுகள். ஆன்டிபாடியின் கனமான சங்கிலிக்கு (அதன் பெரிய புரதப் பகுதிக்கு), 14-வது குரோமோசோமில் வி, டி, ஜே என்று வரிசையாக இருக்கும் துண்டுகளில் ஒவ்வொன்றைப் பொறுக்கி, வெட்டி ஒட்டி, ஆன்டிபாடி செய்யும் வெள்ளையணுவான ஒவ்வொரு பி செல்லும் தனக்கென்று ஒரு ஜீனைச் செய்துகொள்கிறது. ஆன்டிபாடி ஜீன்கள் இப்படி உருவாவதைக் கண்டுபிடித்த சுசுமு டொனெகாவாவுக்கு 1987-ல் நோபல் கிடைத்தது. ஒட்டும் இடத்தில் ஜீனின் எழுத்துகள் கூடும், குறையும், அதனால் ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையரிடம்கூட ஒரே தொகுப்பு இருக்காது. தொற்று வந்தபின் நிணநீர் முடிச்சில் அந்த ஜீன் இன்னும் மாறி, வைரஸை இறுக்கிப் பிடிப்பவையே பெரும்பாலும் நிலைக்கும். இத்தனை தற்செயலுக்கு நடுவிலும், உறவே இல்லாத டெங்கு நோயாளிகளிடம் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆன்டிபாடி வரிசைகள் இருந்ததை 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. படித்த அன்று தூக்கமே வரவில்லை.

பெரம்பூர் தாய்: குழந்தைக்கு ஏழு மாதம், என் ஆன்டிபாடி அவளைக் காக்குமா?

முதல் சில மாதம் காக்கும். அது தேய்ந்து வரும் ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரைதான் கவனம் அதிகம் வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், பகல் தூக்கத்துக்கும் கொசுவலை கட்டுங்கள், சம்ப்பை மூடி வையுங்கள்.

தாம்பரம் வாசகர்: காய்ச்சல் இரண்டாம் நாள், ஐஜிஎம் (தொற்றில் முதலில் உருவாகும் ஆன்டிபாடி) பரிசோதனை நெகடிவ். டெங்கு இல்லை என்று விட்டுவிடலாமா?

கூடாது. ஐஜிஎம் தெரிய நாலைந்து நாளாகும், இப்போது வைரஸின் புரதத்தையே தேடும் என்எஸ்1 பரிசோதனை பாருங்கள். காய்ச்சல் விட்ட உடனே வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.